வெட்கம் வியாதியைத் தடுக்காது

(வாலிபர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மேடையில் பேசத் தகாதது என்று பலராலும் கருதப்பட்டு வருவதாகும். 10 வயது முதல் 19 வயது வரையுள்ள நம் பிள்ளைகளின் உடல் நலம், அதிலும் முக்கியமாக ஆண் பெண் உறுப்புகளின் நலம், அவற்றுக்கு வியாதி வருமுன் செய்துகொள்ள வேண்டிய தடுப்பு, வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டிய பரிசோதனை ஆகியவையே அந்த விஷயம். "பெண்டு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இதையெல்லாமா பேசுவது?" என்று சிலர் கேட்கக்கூடும். வியாதி வருவது பெண்டு பிள்ளைகளுக்குத்தானே? அவர்கள் இல்லாத இடத்தில் இதைப் பேசி யாருக்கு என்ன லாபம் என்று அவர்களைத் திருப்பிக் கேட்கிறோம்.

நாம் வைத்தியரல்ல, காலேஜ் படிப்புப் படித்தவருமல்ல. புத்தகங்களைப் படித்தும், டாக்டர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றில், நமது புத்திக்குச் சரியென்று பட்டதைச் சொல்லுகிறோம். நாம் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அதாவது, இந்த வியாதிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தடுப்போ மருந்தோ கண்டுபிடித்தாகிவிட்டது. வெட்கம் என்கிற வியாதி ஒன்றுதான் மருந்தையும் பிள்ளையையும் சந்திக்கவிடாமல் குறுக்கே நிற்கிறது என்பதாகும்.

அம்மையும் அம்மனும்

நம் நாட்டில் வைசூரி கண்டால் அதை வியாதி என்று சொல்லவும் பயந்தார்கள். "அம்மா வந்திருக்கிறாள்" என்றார்கள். வேப்பிலை கட்டினார்கள், கூழ் ஊற்றினார்கள், வைத்தியன் வாசற்படி மிதித்தால் அம்மனுக்குக் கோபம் வரும் என்றார்கள். இங்கிலாந்தில் ஜென்னர் என்பவர் 1796ஆம் வருஷத்தில் அம்மை குத்தும் முறையைக் கண்டுபிடித்தார். அந்த ஊசி எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, 1975க்குப் பின் இந்தியாவில் வைசூரி இல்லை. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. அம்மனுக்குக் கோபம் வந்ததா? வந்திருந்தால் என்ன செய்தாள்? யோசித்துப் பாருங்கள்.

அன்று வைசூரிக்கு அம்மன் காரணமாக இருந்தாள். இன்று உறுப்பு சம்பந்தமான வியாதி என்றால், "நடத்தை கெட்டவர்களுக்கு வருவது" என்கிறார்கள். முன்னது தெய்வ கோபம். பின்னது பாவத்தின் சம்பளம். பெயர் மாறியிருக்கிறதே தவிர புரட்டு ஒன்றேதான். இரண்டும் செய்கிற வேலையும் ஒன்றேதான்: மனிதனை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுப்பது.

ஊருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது

ஒரு பெண் குழந்தை பூப்படைந்தால் நம்மவர்கள் செய்வதைப் பாருங்கள். பந்தல் போடுகிறார்கள், ஒலிபெருக்கி கட்டுகிறார்கள், தெருமுனையில் அந்தக் குழந்தையின் படத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து வைக்கிறார்கள், தாய்மாமன் சீர்வரிசை தூக்கி வருகிறான், மொய் எழுதுகிறார்கள். ஆக, அக்குழந்தையின் உடம்பில் நடந்த சங்கதி ஊரில் உள்ள ஆயிரம் பேருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு குழந்தைக்கு மட்டும், தன் உடம்பில் நடந்தது என்ன, ஏன் இரத்தம் வருகிறது, எவ்வளவு வந்தால் சரி, எவ்வளவு வந்தால் டாக்டரிடம் போகவேண்டும் என்பதை யாரும் சொல்லுவதில்லை. ஊரறியப் பேசலாமாம், அவளிடம் பேசினால் வெட்கமாம்! இது என்ன வெட்கம் என்று கேட்கிறோம்.

அதோடு விட்டார்களா? தீட்டு என்று தனியே ஒதுக்குகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளிச் சிறுமி, தீட்டின் காரணமாக வீட்டை விட்டுத் தனிக் குடிசையில் படுக்கவைக்கப்பட்டிருந்தாள். தென்னை மரம் அந்தக் குடிசையின் மேல் விழுந்தது. அவள் செத்தாள். புயல் கொன்றது என்று பத்திரிகையில் எழுதினார்கள். நாம் சொல்லுகிறோம், அவளைக் கொன்றது சாஸ்திரம். வீடு இருக்கும்போது குழந்தையை வெளியே போடச் சொன்னது எதுவோ அதுவே கொன்றது.

இவ்வளவு தீட்டுப் பார்க்கிறவர்கள் அந்தக் குழந்தையின் இரத்தத்தை ஒரு தடவையாவது சோதித்துப் பார்த்ததுண்டா? 2019-21இல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்த சோகை. அதே வயது ஆண்களில் 100க்கு 31 பேருக்கு. தேகத்தில் இரத்தமில்லாத பெண்ணுக்கு மஞ்சள் நீர் ஊற்றி என்ன பயன்? வாரம் ஒரு நாள் இரும்புச் சத்து மாத்திரை ஒன்று, வருஷத்தில் இரண்டு தடவை பூச்சி மாத்திரை ஒன்று கொடுக்கும் திட்டத்தை 2013இல் மத்திய சர்க்கார் ஆரம்பித்தது. கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு விலையில்லாமல் நாப்கின் கொடுக்கும் "புதுயுகம்" என்கிற திட்டத்தை 2012இல் தமிழ்நாட்டு சர்க்கார் ஆரம்பித்தது. விழாவுக்குக் கடன் வாங்குகிற தகப்பனார், தன் மகள் அந்த மாத்திரையை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியே எறிகிறாளா என்று கேட்டிருப்பாரா?

யோனிப் பொருத்தமும் இரத்தப் பொருத்தமும்

நிற்க, உறுப்புகளின் பெயரைச் சொல்லவே நம்மவர்களுக்குக் கூச்சம் என்கிறார்கள். அது உண்மையா? கல்யாணத்துக்குச் சோசியனிடம் ஜாதகத்தை நீட்டினால் அவன் பத்துப் பொருத்தம் பார்க்கிறான். அதில் ஒன்றுக்குப் பெயரே யோனிப் பொருத்தம். இந்த நட்சத்திரம் குதிரை, அந்த நட்சத்திரம் யானை, இது பசு, அது புலி என்று மாமனார், மாமியார், அண்ணன், தம்பி எல்லோரும் உட்கார்ந்திருக்கும் நடு வீட்டில் சோசியன் விஸ்தாரமாகப் பேசுகிறான். ஒருவருக்காவது முகம் சிவக்கிறதா? தட்சணை வேறு கொடுக்கிறார்கள்! அதே வீட்டில், "பையனுக்கும் பெண்ணுக்கும் கிரந்தி, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி உண்டா என்று இரத்தம் பார்த்துவிடலாமா?" என்று யாராவது கேட்டால், "எங்களைச் சந்தேகப்படுகிறாயா?" என்று சண்டைக்கு வருகிறார்கள்.

ஆகவே, நம்மவர்களுக்கு உறுப்பைப் பற்றிப் பேசக் கூச்சமில்லை. அறிவோடு பேசத்தான் கூச்சம். புரோகிதனும் சோசியனும் பேசினால் மங்களம். டாக்டர் பேசினால் ஆபாசம். இதை மாற்றவேண்டும் என்பதுதான் நமது பிரசாரம்.

கிருமிக்குக் கற்பு தெரியாது

தோழர்களே! இந்த வியாதிகளின் தன்மையைப் பற்றி ஒரு முக்கியமான சங்கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். பல் சொத்தையானால் வலிக்கும். ஆனால் உறுப்புவழி பரவும் கிருமிகளில் பல, வலியும் கொடுக்காமல், புண்ணும் காட்டாமல், மாதக்கணக்காகவும் வருஷக்கணக்காகவும் உள்ளே உட்கார்ந்திருக்கும். கிளமிடியா என்று ஒரு கிருமி. அது பற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அடையாளமும் தெரிவதில்லை. கவனிக்காமல் விட்டால் கருக்குழாயை அடைத்துவிடும். பத்து வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்குப் பிள்ளையில்லை என்று ஊர் "மலடி" என்கிறது. அரச மரத்தைச் சுற்றிவந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுகிறது. சரியான காலத்தில் கண்டுபிடித்திருந்தால் சில நாள் மாத்திரையில் போயிருக்கும் வியாதி அது.

கிரந்தி என்கிற சிபிலிஸும் அப்படியே. முதலில் வலியில்லாத ஒரு புண் வந்து தானே ஆறிவிடும். ஆறியது புண்தானே ஒழியக் கிருமி அல்ல. அது இரத்தத்தில் இருந்துகொண்டு வருஷங்கள் கழித்து மூளையையும் இருதயத்தையும் கெடுக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் வயிற்றுப் பிள்ளையைக் கொல்லும். இரத்தத்தைக் கொண்டு இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை 1906இல் வாசர்மன் என்பவர் வெளியிட்டார். 1943 முதல் பெனிசிலின் இதைக் குணப்படுத்தி வருகிறது. ஆக, சோதனையும் மருந்தும் வந்து இத்தனை காலமாகியும் இது உலகத்தில் இருக்கிறதென்றால், குறை மருந்தினிடம் இல்லை; நம்மிடம் இருக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது நமது சென்னையில்தான். 1986ஆம் வருஷம் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவரிடம் படித்த டாக்டர் நிர்மலா அவர்களும், அடைத்து வைக்கப்பட்டிருந்த விலைமாதர்களின் இரத்தத்தைச் சோதித்ததில் ஆறு பேருக்கு அக்கிருமி இருந்தது. "நம் நாடு கற்புள்ள நாடு, அந்த வியாதி இங்கே வராது" என்ற பேச்சு நடமாடிய காலம் அது. கற்பு வந்து தடுத்ததா? பிற்காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில், புருஷன் ஒருவனைத் தவிர வேறு ஆணை அறியாத மனைவிமார் எத்தனை பேர் என்று அந்த டாக்டர்களைக் கேட்டால் தெரியும். அந்தப் பெண்கள் கற்போடுதான் இருந்தார்கள். கிருமிக்குக் கற்பு தெரியாது. பெண்ணுக்கு மாத்திரம் கற்பைச் சொல்லி, ஆணை அவிழ்த்துவிட்ட தர்மம், கடைசியில் அந்தப் பெண்ணையே பலி வாங்கியது.

வெள்ளம் வருமுன் அணை

இனி, கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றிச் சொல்லவேண்டும். உலகப் புற்றுநோய்க் கணக்குப்படி 2022ஆம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் 1,20,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்தது. 75,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதற்குக் காரணம் எச்.பி.வி. என்கிற ஒரு கிருமி. அதைக் கண்டுபிடித்த ஜெர்மனி தேசத்து ஹரால்ட் சுர் ஹவுசன் என்பவருக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இக்கிருமி ஆண் பெண் சேர்க்கையால் பரவுவது. அபூர்வமானதல்ல, மிகச் சாதாரணமானது. பெரும்பாலோருக்குத் தானே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கி, 15, 20 வருஷம் கழித்துப் புற்றாக மாறும். கிருமியில் பல வகையுண்டு. 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகளே இப்புற்றுநோயில் 100க்கு சுமார் 70க்குக் காரணம்.

இதற்கு 2006 முதல் தடுப்பூசி இருக்கிறது. 2007இல் ஆஸ்திரேலியா தேசம் தன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட ஆரம்பித்தது. நம் நாட்டில் சிக்கிம் ராஜ்யம் 2018இல் பள்ளிகளிலேயே போட்டு, 100க்கு 90க்கு மேற்பட்ட பெண் குழந்தைகளுக்குப் போய்ச் சேரும்படி செய்தது. புனா நகரத்துக் கம்பெனி தயாரித்த உள்நாட்டு ஊசி 2023இல் வெளிவந்தது. தமிழ்நாட்டு சர்க்கார் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு இதைப் போடுவதற்கென்று 2025ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கியது. 9 வயது முதல் 14 வயதுக்குள் போடுவது உத்தமம் என்கிறார்கள். ஏன் அவ்வளவு சிறு வயதில்? கிருமி வருமுன் போட்டால்தான் முழுப் பலன். வெள்ளம் வந்தபிறகு அணை கட்டுகிறவனை யாராவது புத்திசாலி என்பார்களா?

இதற்கு ஒரு ஆக்ஷேபணை சொல்லுகிறார்கள்: "இந்த ஊசியைப் போட்டால் பிள்ளைகளுக்குத் தைரியம் வந்து கெட்டுப் போவார்கள்" என்று. 10 வயதிலும் 16 வயதிலும் பிள்ளைகளுக்கு ரண ஜன்னி வராமலிருக்க ஊசி போடுகிறோம். அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட எந்தப் பிள்ளையாவது, இனிப் பயமில்லை என்று துருப்பிடித்த ஆணியைத் தேடிப் போய் மிதித்ததுண்டா?

இன்னொரு ஆக்ஷேபணை உண்டு. அதை அப்படித் தள்ளிவிட முடியாது. 2009இல் ஆந்திராவில் கம்மம் ஜில்லாவிலும், குஜராத்தில் வதோதராவிலும் ஒரு வெளிநாட்டு ஸ்தாபனத்தின் திட்டமாக ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்து, 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள். விசாரணையில், சாவுகளுக்கு ஊசி காரணமென்று ஏற்படவில்லை. ஆனால் வேறொன்று வெளிப்பட்டது. பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோரைக் கேட்காமல், விடுதிக் காப்பாளரே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார். பார்லிமெண்ட் கமிட்டி 2013இல் இதைக் கண்டித்தது. நாமும் கண்டிக்கிறோம். நல்ல மருந்தேயானாலும், ஏழைப் பிள்ளை, காட்டுப் பிள்ளை, கேட்க நாதியில்லாத பிள்ளை என்பதற்காகக் கேட்காமல் குத்துவது சுயமரியாதைக்கு விரோதம். மந்திரம் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லுவது விஞ்ஞானத்தின் வேலையல்ல. என்ன ஊசி, எதற்கு, என்ன தொந்தரவு வரக்கூடும் என்று கேளுங்கள். கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்தான் வைத்தியர்கள். பதில் சொல்ல மறுக்கும் உரிமை புரோகிதனுக்குத்தான் உண்டு என்று நினைத்திருக்கிறோம். அது அவனோடேயே போகட்டும்.

ஊசி போட்டாகிவிட்டது என்று தாய்மார்கள் சும்மா இருந்துவிடவும் கூடாது. 30 வயதான பெண்கள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கருப்பை வாயைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சிறு பெண்களுக்கு அந்தச் சோதனை தேவையில்லை. மகளுக்கு ஊசி, தாய்க்குச் சோதனை. இரண்டும் வேண்டும்.

ஆண் பிள்ளைகளுக்கு

இதுவரை பெண்களைப் பற்றியே சொன்னோம். ஆண் பிள்ளைகளை இந்த வெட்கம் சும்மா விடவில்லை. பையனுக்குத் தூக்கத்தில் விந்து வெளிப்படுவது, அவன் வளருகிறான் என்பதற்கு அடையாளம், வியாதியல்ல. இதை எந்தத் தகப்பனாராவது மகனிடம் சொன்னதுண்டா? அவர் சொல்லாததைச் சுவர் சொல்லுகிறது. பஸ் நிலையத்துச் சுவரில், "ஆண்மைக் குறைவா? நரம்புத் தளர்ச்சியா?" என்று எழுதியிருப்பதைப் படிக்கிறான். ஒரு துளி விந்துக்கு இத்தனை துளி இரத்தம் என்று எவனோ கட்டிவிட்ட கதையைக் கேட்டு நடுங்குகிறான். லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒரு நாள் வந்து உட்காரும் போலி வைத்தியனிடம், வீட்டில் திருடிய பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து லேகியம் வாங்குகிறான். இந்தப் பயமே ஒரு மனோவியாதி என்று 1960இலேயே டாக்டர் விக் என்பவர் அதற்குப் பெயரிட்டு எழுதினார். மேல்நாட்டிலும் 18ஆம் நூற்றாண்டில் வைத்தியர்களே இதே பயத்தைக் கிளப்பினார்கள். அவர்கள் அதை விட்டொழித்தார்கள். நாம் இன்னும் சுவரில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அன்றியும், எல்லா வாலிபர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி: சில சமயம் விதை முறுக்கிக்கொண்டு, திடீரென்று பொறுக்கமுடியாத வலி வரும். இது பெரும்பாலும் 12 முதல் 18 வயதில் வருவது. சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் விதையைக் காப்பாற்றலாம். "எங்கே வலிக்கிறது" என்று அம்மா கேட்டால், பையன் வெட்கப்பட்டு "வயிற்றில்" என்கிறான். அம்மா ஓமத் தண்ணீர் கொடுக்கிறாள். விடிந்து பார்க்கும்போது விதை போய்விடுகிறது. ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்பட்டதற்கு ஒரு உறுப்பு விலை!

பரிசோதனையா? தண்டனையா?

தோழர்களே! பரிசோதனை என்றால் ஜனங்கள் பயப்படுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் 1868இல் தொற்று வியாதிச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். அதன்படி விலைமாதர்களைப் பதிவு செய்து, பலவந்தமாகப் பரிசோதித்து, வியாதியிருந்தால் ஆஸ்பத்திரியிலேயே பூட்டி வைத்தார்கள். அவர்களிடம் போன சோல்ஜரைப் பூட்டினார்களா? இல்லை. இங்கிலாந்திலும் இதே சட்டம் இருந்தது. ஜோசபின் பட்லர் என்கிற அம்மையார் வருஷக்கணக்காகப் போராடி 1886இல் அதை ஒழித்தார். இந்தியாவில் 1888இல் ஒழிந்தது. வியாதியும் ஒழியவில்லை, பெண்களுக்கு அவமானம்தான் மிஞ்சியது. பலவந்தத்தால் வியாதி ஒளிந்துகொள்ளுமேயல்லாமல் ஒழியாது என்பதற்கு இதுவே போதும்.

ஆதலால் நாம் கேட்கும் பரிசோதனை வேறு. பரிசோதிக்கப்படுகிறவர் சம்மதித்துச் செய்வது. முடிவை வேறு யாருக்கும் சொல்லாமலிருப்பது. முடிவு எதுவானாலும் மரியாதையோடு நடத்துவது. எச்.ஐ.வி. விஷயத்தில் 2017ஆம் வருஷத்துச் சட்டம் இம்மூன்றையும் கட்டாயமாக்கியிருக்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் "நம்பிக்கை மையம்" என்ற பெயரில் இச்சோதனையை இலவசமாகச் செய்கிறார்கள்.

ஆனால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இன்னொரு கஷ்டம் இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காப்பாற்ற 2012இல் போக்சோ சட்டம் வந்தது. அது வேண்டிய சட்டம். நாம் அதை வரவேற்கிறோம். குழந்தையை நாசம் செய்கிற பெரிய மனிதர்களும், சாமியார்களும், சொந்தக்காரர்களும் தப்பக்கூடாது. ஆனால் அச்சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவருக்குச் சேர்க்கை நடந்ததாக அறிந்த டாக்டர் போலீசுக்குச் சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் அவருக்குத் தண்டனை. இதனால், ஒத்த வயதுப் பையனோடு பழகிவிட்ட 17 வயதுப் பெண், வயிற்றுவலிக்கும் வெள்ளைப்படுதலுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிறாள். போனால் அந்தப் பையன் சிறைக்குப் போவான். அவன் வேறு ஜாதியாயிருந்தால் அவள் வீட்டாருக்கு அச்சட்டமே அரிவாளாகிவிடும். ஓநாயைப் பிடிக்க வைத்த வலையை, ஜாதிவெறியன் காதலைப் பிடிக்க உபயோகிக்கிறான். வாலிபப் பருவத்துக் காதலர்களைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. கர்ப்பத்தைக் கலைக்க வரும் சிறு பெண்ணும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்லத் தேவையில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. இந்த வழியை இன்னும் அகலமாக்க வேண்டும். சிகிச்சைக்கு வரும் பிள்ளைக்கு முதலில் சிகிச்சை என்பது நியதியாகவேண்டும்.

"படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுகிறோம். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெண்ணின் கல்யாண வயது 16க்கு மேல் இருக்கவேண்டும் என்று தீர்மானித்தபோது சனாதனிகள் கூச்சலிட்டார்கள். இன்று சட்டப்படி 18. அப்படியிருந்தும், 2019-21ஆம் வருஷத்துக் கணக்கில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 100க்கு 12, 13 பேர் 18 வயதுக்கு முன்பே கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். சிறு பெண்ணைக் கட்டிக்கொடுப்பதில் வெட்கமில்லை. அவளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதில்தான் வெட்கமா?

செய்ய வேண்டியவை

நாம் சொல்லுவதெல்லாம் செய்யக்கூடியவையே.

முதலாவது, மஞ்சள் நீராட்டுக்குச் செலவழிக்கும் பணத்தை மிச்சப்படுத்தி, அந்தப் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் இரத்தத்தின் பலத்தைப் பாருங்கள், எச்.பி.வி. ஊசியைப் பற்றிக் கேளுங்கள். மஞ்சள் காமாலை பி ஊசி குழந்தையில் போட்டதா என்று பாருங்கள். பையனையும் கூட்டிப்போங்கள்.

இரண்டாவது, டாக்டர் கேட்கும்போது பெற்றோர் கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள். உங்கள் முன்னால் சொல்லமுடியாதது அவர்களுக்கு ஏதாவது இருக்கும். அதை அவர்கள் சொல்லும்படி விடுவதுதான் அன்பு.

மூன்றாவது, வாலிபர்களே! சேர்க்கை நேர்ந்திருந்தால், அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும் எச்.ஐ.வி.க்கும் கிரந்திக்கும் இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். 18 வயதாகாதவருக்குக் காப்பாளர் சம்மதம் கேட்பார்கள். ஆனதால் பெற்றோரே, பிள்ளை வந்து கேட்டால் அடிக்காமல் கூடப் போங்கள். கிருமி பற்றிய முதல் சில வாரங்களில் சோதனையில் தெரியாமல் போகலாம்; மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும். ஆணுறை இந்த வியாதிகளில் பலவற்றைத் தடுக்கும். எச்.ஐ.வி. சந்தேகங்களை 1097 என்ற எண்ணில் இலவசமாகக் கேட்கலாம்.

நான்காவது, ஒரு குழந்தை பலாத்காரத்துக்கு ஆளானால், மானம் போய்விட்டதென்று மூடி வைக்காதீர்கள். மானம் போனது செய்தவனுக்கு. 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் எச்.ஐ.வி. பற்றாமலிருக்க 28 நாள் மாத்திரை கொடுப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை செய்யவேண்டும் என்பது சட்டம். குழந்தைகளுக்கு உதவ 1098 என்ற எண் இருக்கிறது.

ஐந்தாவது, சர்க்காருக்கு: பள்ளிக்கூடத்தில் உடற்கூறு பாடத்தில் அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் "நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப்போகிற வழக்கத்தை நிறுத்துங்கள். வளரும் பிள்ளைகளுக்கென்று 2014இல் தேசியத் திட்டம் ஆரம்பித்து, ஆஸ்பத்திரிகளில் தனிச் சிகிச்சையகம் வைக்கச் சொன்னீர்கள். அது பலகையோடு நிற்காமல், கதவு மூடிய அறையும், ஏளனம் செய்யாத ஆளும், பள்ளி விட்டபின் வரத்தக்க நேரமும் உள்ளதாக இருக்கவேண்டும்.

தோழர்களே! இவ்வளவும் நாம் சொன்னோம் என்பதற்காக நீங்கள் ஏற்கவேண்டியதில்லை. பக்கத்திலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரையும் நர்சையும் கேளுங்கள். நாம் சொன்னதில் பிசகிருந்தால் தள்ளிவிடுங்கள்; சரியென்று பட்டால், இந்த வாரத்திலேயே உங்கள் வீட்டுப் பிள்ளையிடம், "உனக்கு என்ன சந்தேகமிருந்தாலும் கேள், கோபிக்கமாட்டேன்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.